கறுப்பு வேட்டி

காளீஸ்வரி குனிகிறாள். குனியாதேம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது "சாமி சரணம்". இரண்டு வாரமாக இந்த வாய் இப்படித்தான், நான் ஒன்று நினைத்தால் அது ஒன்று சொல்லிவிடுகிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கீழே பித்தளைத் தாம்பாளத்தில் என் பாதங்கள் இருக்கின்றன. இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான், வயிற்றைத் தாண்டி என் பாதத்தை நான் பார்த்து ஆறேழு வருஷம் ஆகிறது. செம்பிலிருந்து தண்ணீர் விழுகிறது. அவள் மஞ்சளைக் குழைத்துக் கணுக்கால்வரை தேய்க்கிறாள், விரலிடுக்கைக்கூட விடவில்லை. பெற்றவளுக்குப் பிறகு இந்தக் காலை யாரும் இப்படித் தேய்த்துக் கழுவியதில்லை. அவளுக்கு இது ஏழாம் மாதம், குனிந்தால் மூச்சு வாங்குகிறது. புருஷன் அழகர் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டு "போதும்டி, மெதுவாடி" என்கிறான், அவள் காதில் வாங்கவில்லை. மூன்று தங்காமல் போய் இது நாலாவது, மாலை போட்ட சாமிக்குக் கால் கழுவிச் சோறு போட்டால் தங்கும் என்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் எண்ணெய் மில்லில் அவள் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறாள், அழகர் லோடுமேன், நான் லாரி எடைமேடையில் உட்கார்ந்து எடை போடுகிறவன். அதனால் அவள் கதை மில்லில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே காலை நீட்டிக்கொண்டிருக்கிறேன். எழுந்து ஓடிவிடலாம் என்றால் இது ஓடுகிற உடம்பா? நாற்காலி வேறு இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. குங்குமம் வைக்கிறாள். கற்பூரம் காட்டுகிறாள். அந்தச் சூடு பெருவிரலில் படுகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, பக்தியில் வருகிறது என்று அழகர் நினைத்துக்கொண்டு அவனும் கண்ணைத் துடைக்கிறான்.

நான் மாலை போடவில்லை. இதை எனக்குள்ளேயாவது ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிக்கொள்கிறேன்: ஜெயக்கொடி, நீ மாலை போட்டவன் இல்லை, மலைக்குப் போகிறவன் இல்லை, விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தவனும் இல்லை, நீ மாத்திரை சாப்பிடுகிறவன். எல்லாம் அந்த நீலக் கேப்சூலில் ஆரம்பித்தது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. தமயந்தி என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே படுக்கிறாள், நின்றால் தட்டி எழுப்ப. பதினெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள் ஒரு வருஷமாக முழுத் தூக்கம் தூங்கவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுமில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரம்மாவிடம் நிறுத்தினாள். உடம்பு இளைத்தால் மூச்சு சரியாகும் என்று டாக்டரம்மா சீட்டு எழுதினார். "சாப்பாட்டுல இருக்கிற கொழுப்புல மூணுல ஒரு பங்கை இது உடம்புல சேர விடாது. சேராதது எங்க போகும்? வெளியதான் வரும். அதனால எண்ணெய், நெய்யைக் குறைச்சுக்கிட்டுத்தான் இதைச் சாப்பிடணும், புரியுதா?" புரிந்தது என்று தலையை ஆட்டினேன். சேரவிடாது என்ற முதல் பாதிதான் காதில் விழுந்தது. விருதுநகர்க்காரனிடம் எண்ணெயைக் குறை என்றால் எப்படி விழும்? மாத்திரை போட்ட தைரியத்தில் அன்று சாயங்காலமே நாலு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டேன், இனிமேல் எதுவும் ஒட்டாது என்ற சந்தோஷத்தில் சால்னாவை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். மறுநாள் எடைமேடை அறையில் தும்மினேன். வெறும் தும்மல். அவ்வளவுதான், வெள்ளை வேட்டி போயிற்று. சாம்பார் மேலே மிதக்குமே, அந்த நிறத்தில் எண்ணெய். நாற்பத்தொன்பது வயதில், வெளியே ஆறு லாரி நிற்க, எழுந்திருக்க முடியாமல் மத்தியானம்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு என் உடம்பின்மேல் வந்த வெறுப்பை யாரிடமும் சொல்ல முடியாது.

தமயந்தி திட்டவில்லை. வெந்நீரில் ஊறவைத்தாள், சோப்புத் தூளைக் கொட்டிக் கசக்கினாள், கறை போகவில்லை. சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு கறுப்பு வேட்டி எடுத்து வந்தாள். "கார்த்திகை மாசந்தானங்க. ஊருல பாதிப்பேரு கறுப்புதான் கட்டியிருக்கான். கட்டிட்டுப் போங்க, ஒண்ணுந் தெரியாது." அவள் சொன்னதில் தப்பில்லை, கறை தெரியவில்லை. மற்றது தெரிந்தது. மறுநாள் காலையில் முதல் லாரியே மாலை போட்ட டிரைவர். சன்னல் வழியாக என்னைப் பார்த்தான், கையைக் கூப்பினான், "சாமி சரணம்" என்றான். நானும் "சரணம்" என்றேன். என்ன செய்வது, யாராவது வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்லாமல் இருப்போமா? பக்கத்தில் இரண்டு லோடுமேன்கள் நின்றார்கள். மத்தியானத்துக்குள் மில் முழுக்கச் சாமி ஆகிவிட்டேன். சட்டைக் காலர் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன், மாலை உள்ளே கிடக்கிறது என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எத்தனை தடவை சொல்லிக்கொள்வாய் ஜெயக்கொடி, வாயை மூடிக்கொண்டிருந்ததற்குப் பெயர் என்ன? உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த மில்லில் என் பெயர் டேங்கர். முகத்துக்கு நேரே அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் டேங்கர். "டேங்கர் வந்துட்டானா, எடை போடணும்" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள், நானும் சிரித்திருக்கிறேன், சிரித்தால் வலிக்காது என்று நினைத்து. இப்போது என் அறைக்குள் யாரும் பீடி பிடிப்பதில்லை. டீக்கடைக்காரர் தம்ளரை இரண்டு தடவை கழுவித் தருகிறார். பெரிய முதலாளி வழியில் பார்த்தால் நின்று "சாமி, எத்தனாவது வருஷம்?" என்கிறார், "மொத வருஷம்" என்கிறேன், அதுவும் ஒரு வகையில் உண்மைதான். ஒருவரும் என் வயிற்றைப் பார்ப்பதில்லை. அதே வயிறுதான். லாரி எல்லாம் போன பிறகு நான் மட்டும் மேடையில் ஏறி நின்று பார்ப்பேன், அந்தத் தராசு பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. நூற்றுப் பத்து என்று காட்டுகிறது, மாத்திரைக்கு முன்னாலும் நூற்றுப் பத்துதான். வேட்டி மாறினதற்கே இத்தனை மரியாதை என்றால் நான் ஏன் இளைக்க வேண்டும் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

"சாமி, கீழ ஒக்காருங்க, எல போட்டாச்சு." நாற்காலியிலிருந்து பிய்த்துக்கொண்டு எழுந்தேன். ஒற்றை அறை வீடு, ஒரு கட்டில், சுவரோரம் அடுப்பு, பின்னால் ஒரு கதவு. தரையில் மணைப்பலகை. பலகையின்மேல் புதுத் துண்டு விரித்திருக்கிறார்கள். வெள்ளைத் துண்டு, இன்னும் மடிப்புக்கூட நீங்கவில்லை. அதைப் பார்த்ததும் அடிவயிறு ஒருதரம் சுருண்டது. வேட்டி கறுப்பு, துண்டு கறுப்பில்லையே. நேற்றுச் சாயங்காலம் பஜனையில் என்னையும் சாமி வரிசையில் உட்காரவைத்து உளுந்த வடை போட்டார்கள், வேண்டாம் என்றால் எத்தனாவது வடையில் சொல்வது, ஆறு சாப்பிட்டேன். அந்த ஆறும் எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது, இன்றோ நாளையோ, இந்த மாத்திரைக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. "சட்டையக் கழட்டிக்கோங்க சாமி, புழுக்கமா இருக்கு," என்று அழகர் கையை நீட்டினான். இருக்கட்டும் என்றேன். "வேர்க்குதே சாமி." இருக்கட்டும்ப்பா என்றேன். கழுத்துப் பொத்தான் தொண்டையை அழுத்துகிறது, அதற்கு உள்ளே ஒன்றுமில்லை, என் வெறும் கழுத்துதான் இருக்கிறது, அதைத் திறந்து காட்ட இவ்வளவு பயம். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, துண்டின்மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது பெரிதில்லை, எழுந்திருப்பதை நினைத்துக்கொண்டேன். சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. அவள் கரண்டியில் நெய்யைக் கொண்டுவந்தாள். ஒரு கரண்டி. போதும்மா. இரண்டாவது கரண்டி. "சாமிக்கு நெய்யில போயி கொறை வைக்கலாமா?" மூன்றாவது கரண்டி. உருக்கின நெய், முருங்கைக் கீரை போட்டு உருக்கியிருக்கிறாள், என்ன வாசம்! பருப்புச் சோற்றைச் சுற்றிக் குளம் கட்டி நிற்கிறது. நான் அழாமல் சாப்பிட ஆரம்பித்தேன்.

நல்ல கைமணம் இவளுக்கு. இந்த மாதிரிச் சோற்றை ரசித்துச் சாப்பிட்டே ஒரு காலமாகிறது, எப்போதும் ஒரு பயத்தோடுதான் சாப்பிடுகிறேன். வரும்போது சந்து முனையில் நின்று சட்டைப் பையிலிருந்து அந்தக் கேப்சூலை எடுத்து எச்சிலோடு விழுங்கிவிட்டுத்தான் வந்தேன். பழக்கம். சாப்பாட்டோடு ஒன்று என்று சீட்டில் இருக்கிறது. அப்போது தோன்றவில்லை, இப்போது நெய்ச்சோறு உள்ளே இறங்கும்போது தோன்றுகிறது: இவள் ஏழு மாத வயிற்றோடு விடிகாலையில் எழுந்து, நின்று சமைத்துப் போடுகிறாள், நான் இது என் உடம்பில் தங்கிவிடக்கூடாது என்று மருந்து சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். தங்க வேண்டும் தங்க வேண்டும் என்று அவள் படி ஏறாத கோயில் இல்லை. மூன்றாவது போனது மில்லிலேயே. லேபிள் அறையிலிருந்து அவளைத் தாங்கிக் கூட்டிவந்தார்கள், ஆட்டோ வரும்வரை என் அறையில்தான் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "அண்ணாச்சி, அந்த ஃபேனக் கொஞ்சம் நிப்பாட்டுங்க, குளுருது," என்றாள், அவ்வளவுதான். நான் ஃபேனை நிறுத்தினேன். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம், அவள் போன பிறகு ரொம்ப நேரம் அதையே நினைத்தேன். எங்களுக்கும் ஒன்று பிறந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனது. தமயந்தி அதற்குப் பிறகு என்னை ஊட்டி ஊட்டித்தான் இப்படி ஆக்கினாள் என்று அவள் தங்கச்சி கேலி செய்வாள். கேலிதான், ஆனால் பொய்யில்லை, யாருக்காவது போட வேண்டியிருந்ததே அவளுக்கு. அடிவயிறு மறுபடி சுருள்கிறது. இறுக்கிக்கொள், பேசாதே, சிரிக்காதே, முக்கியமாகத் தும்மாதே. கீரை நெய் வாசம் மூக்கில் ஏறுகிறது. ஐயோ, மூக்கைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

"தயிர வாங்க மறந்துட்டனே," என்று அழகர் செருப்பை மாட்டிக்கொண்டு முனைக்கடைக்கு ஓடினான். காளீஸ்வரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வயிற்றின்மேல் ஒரு கை. முகத்தில் மஞ்சள் பூசியிருக்கிறாள், கழுத்து எலும்பு தெரிகிறது, சாப்பிடுகிறாளோ இல்லையோ. "சாமி, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. நீங்க ஒக்காந்திருக்கீங்கல்ல, அந்தத் துண்ட நான் தொவைக்காம அப்படியே எடுத்து வைக்கப்போறேன். பிள்ள பொறந்ததும் மொதல்ல அதுலதான் ஏந்தணும். பெரியவுக பழைய வேட்டியில ஏந்துவாகல்ல, எங்க ரெண்டு வீட்டுலயும் பெரியவுகன்னு யாரும் இல்ல. விரதம் இருக்கிற சாமி ஒக்காந்த துணின்னா அதுக்கு ஒண்ணும் வராது." நான் மென்றுகொண்டிருந்ததை மெல்லாமல் நிறுத்தினேன். "அப்பறம், நீங்க கை கழுவுறதுக்கு முன்னாடி ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லிருங்க சாமி. நல்லபடியா தங்கும்னு. விரதம் இருக்கிற வாயி சொன்னா பலிக்கும்." சொல்லிவிட்டு என் வாயையே பார்க்கிறாள். சொல்லிவிடேன். ஒரு வார்த்தைதானே. சொன்னால் அவள் இன்று தூங்குவாள், இரண்டு மாதம் பயமில்லாமல் இருப்பாள், பிள்ளையும் பிறந்துவிடும், யாருக்கு என்ன நஷ்டம்? பிறக்காவிட்டால்? பொய்ச்சாமி உட்கார்ந்த துணியால்தான் போயிற்று என்று இவளுக்குத் தெரியப்போவதே இல்லை, எனக்குத் தெரியும். இப்போது உண்மையைச் சொன்னால்? ஏழாம் மாதத்தில் இப்படி ஒரு சகுனம் என்று இவள் பயந்து ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாதே. சொல். துண்டை மட்டுமாவது எப்படியாவது எடுத்துக்கொண்டு போய்விடு. எந்த முகத்தோடு எடுப்பாய், ஈரமாக இருந்தால்? சோற்றுக் கையை இலையில் வைத்துக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்சத்தில் அழகர் வந்துவிடுவான். இடது கை தானாகப் போய்க் கழுத்துப் பொத்தானைத் திறந்தது. பிறகு அடுத்த பொத்தானை.

"காளீஸ்வரி, நான் மால போடலம்மா." அவள் என் கழுத்தைப் பார்த்தாள். "ஒடம்பு இளைக்கிறதுக்கு டாக்டரம்மா மாத்திர குடுத்திருக்காங்க. அதச் சாப்பிட்டா, சாப்பிட்ட எண்ண அப்படியே வெளிய வருது. வெள்ள வேட்டி கறையாவுதுன்னு எம் பொண்டாட்டி கறுப்பு வாங்கிக் குடுத்தா. ஆளாளுக்குச் சாமின்னாங்க, நானும் பேசாம இருந்துட்டேன். எம்மேலதான் தப்பு. இந்தத் துண்டுல பிள்ளய ஏந்தாதம்மா. நான் ஒக்காந்தது நல்லா இல்ல." சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவள் வயிற்றின்மேல் இருந்த கை அப்படியே நின்றது. என் கழுத்திலிருந்து அவள் பார்வை இலைக்கு இறங்கியது, நெய் மினுங்குகிற இலை, அதையே பார்த்தாள். அவள் கண் நிறைந்துகொண்டு வருவதைப் பார்த்து நான் செத்தேன். "அப்ப," என்றாள். எச்சிலை விழுங்கினாள். "அப்ப நெய் ஒங்களுக்கு ஆகாதா? நான் பாட்டுக்கு மூணு கரண்டி ஊத்திட்டேனே. சொல்லக்கூடாதா? வயிறு வலிக்குதாண்ணே?" அண்ணாச்சி என்றிருக்கிறாள், சாமி என்றிருக்கிறாள், இந்த அண்ணே இன்றைக்குத்தான். வலிக்கல என்றேன். "பொய் சொல்லாதீக, மொகமெல்லாம் வேர்த்திருக்கு. பின்னாடி கதவத் தொறந்தா அங்கதான், வாளியில தண்ணி ரொப்பி வச்சிருக்கேன். மொதல்ல எந்திரிங்க. இம்புட்டையும் அடக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தீகளாக்கும்." துண்டும்மா, என்றேன். "துண்டுக்கு என்ன? பிள்ள வந்தா அது செய்யாததயா நீங்க செஞ்சிரப்போறீக? சோப்புப் போட்டா போயிருது."

எழுந்திருக்க வேண்டும். ஒரு கையைத் தரையில் ஊன்றினேன், வரவில்லை. அவளும் எனக்குக் கைகொடுக்க எழப் பார்த்தாள், அவளுக்கும் வரவில்லை. மறுபடி முயன்றோம், நான் சுவர்ப் பக்கம், அவள் கட்டில் பக்கம், இரண்டு வயிறுகளும் விடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முதலில் அவள்தான் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "சிரிக்க வைக்காதம்மா, என் நெலம தெரியாம," என்றேன், அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தாள். நான் முட்டிபோட்டு, சுவரைப் பிடித்து, ஏதேதோ சாமியைக் கூப்பிட்டு, ஒருவழியாக நிமிர்ந்து நின்றேன். துண்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. எச்சில் படாத இடது கையை அவளிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் இழுத்தாள், நான் அசையாமல் நின்றேன். நூற்றுப் பத்து கிலோ, ஒரு இம்மி அசையவில்லை. இந்த எடையால் ஒருத்தருக்கு உதவி என்று ஏற்பட்டது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. அவள் என்னைப் பிடித்துக்கொண்டு அவசரமில்லாமல், கால் மாற்றி, மூச்சு விட்டு, எழுந்து நின்றாள். கையை இன்னும் விடவில்லை. விரதம் இல்லாத வாய், நெய் ஒட்டிய வாய். "நல்லபடியா தங்கும்மா," என்றேன். "தங்கும்ணே," என்றாள். "நீங்க சீக்கிரம் போங்க."